சுத்தமான கிராமத்துக் காற்று

8 செப்டம்பர் 2024, ஞாயிறு

முதலில் மன்னிப்பு. யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. இந்தக் காகிதத்திடம் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதிவைக்கிற அளவுக்கு என் வாழ்க்கையில் ஒன்றும் நடந்துவிடவில்லை. எங்கள் வீட்டில் பரீட்சைக்குத் தவிர வேறு எதற்கும் யாரும் நாலு வரி எழுதியதும் இல்லை. ஆனால் இன்று ஆஸ்பத்திரியில் பெரியம்மா சொன்னதைக் கேட்டு, சிரித்துத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். தலையாட்டியதுதான் தாங்கவில்லை.

அண்ணன் மகள் ரித்திகாவை மறுபடியும் சேர்த்திருக்கிறார்கள். காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் ஊரிலிருந்து கோயமுத்தூர் வரை கீதா அண்ணியின் மடியில் குனிந்து உட்கார்ந்தபடியே வந்தாளாம். படுத்தால் மூச்சு முட்டும். ஒன்பது வயது. இந்த வருஷம் இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை விட்டுவிட்டோம்.

பார்க்க வந்த பெரியம்மா அவள் கன்னத்தைக் கிள்ளி, "பாரு, புள்ள நல்லாத் தேறிப்போச்சு. மூஞ்சி பன்னாட்ட உப்பியிருக்குது" என்று சந்தோஷப்பட்டாள்.

அது ஸ்டீராய்டு மாத்திரை. தேறியதல்ல, வீங்கியது. போன வருஷத்துக் கவுன் நீளம் இன்னும் சரியாக இருக்கிறது, அகலம்தான் போதவில்லை. உயரத்தில் வளர வேண்டிய குழந்தை கன்னத்தில் வளர்கிறது. எங்கள் சொந்தக்காரர்களின் அகராதியில் இதற்குப் பெயர் ஆரோக்கியம்.

10 செப்டம்பர், செவ்வாய்

நான் சரவணம்பட்டியில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை செய்கிறேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். ஊரில் "பொற்கொடி ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் பாக்கறா" என்று சொல்லிக்கொள்கிறார்கள். நான் திருத்தவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் எல்லா மருந்துச் சீட்டையும் என்னிடம் காட்டுவார்கள். நான் சொல்வதைக் கேட்பதற்கு அல்ல, காட்டுவதற்கு.

அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தனித்தனி எண். மருந்தைச் சொன்னபடி எடுக்காததற்கு எண். காசில்லாமல் எடுக்காததற்கு வேறு எண். கவனித்துக்கொள்பவர் சரியாகக் கொடுக்கவில்லை என்றால் அதற்கும் ஒன்று இருக்கிறது. ரித்திகாவின் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் மனசுக்குள் அந்தக் கடைசி எண்ணைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். கவனித்துக்கொள்பவர் என்றால் கீதா அண்ணி.

"அவளுக்கு பஃப் அடிக்கத் தெரியலீங்க. இல்லாட்டி இத்தன மருந்துக்கு அடங்காம இருக்குமா?" அண்ணன் கிருபாசங்கர் இதை வார்டில் எல்லார் எதிரிலும் சொன்னான். இன்ஹேலரை அவன் இதுவரை கையால் தொட்டதில்லை.

இன்று நர்ஸ் சாஜிதா பேகம் அண்ணியைக் கூப்பிட்டு, "செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அண்ணி குலுக்கினாள், ஸ்பேசர் குழாயில் மாட்டினாள், முகமூடியைப் பொருத்தினாள், ரித்திகா மெதுவாக மூச்சிழுப்பதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தாள், வாயைக் கொப்பளிக்கச் சொன்னாள். சாஜிதா, "எங்க புதுப் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக் குடுக்கலாம் போலிருக்கே" என்று சிரித்தார்.

அண்ணன் அப்போது போனில் தேங்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தான்.

12 செப்டம்பர், வியாழன்

அப்பா ஃப்ளாஸ்க்கில் கழுதைப்பால் கொண்டு வந்தார். ஏசி வார்டுக்கு.

13 செப்டம்பர், வெள்ளி

டாக்டர் பாலகோபால் இன்று எங்களை அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அப்பா, அண்ணி, நான். அண்ணனுக்கு வேலை இருந்ததாம். நான் உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

டாக்டர் நல்லவர்தான். நல்லவர்களுக்கு நேரமில்லாவிட்டால் எப்படியிருப்பார்கள், அப்படி.

"சில குழந்தைகளுக்குக் கொடுக்கிற மருந்து கேக்கறதில்லீங்க. அப்ப நாங்க சிலது பாக்கணும். இது ஆஸ்துமாதானா, மருந்து ஒழுங்கா உள்ள போகுதா, வீட்ல அதைத் தூண்டி விடற மாதிரி ஏதாவது இருக்கா. இதெல்லாம் இல்லேன்னாதான், இது மருந்துக்கே அடங்காத வகைன்னு சொல்லுவோம்." பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "வீட்ல இல்ல பக்கத்துல புகை, தூசி ஏதாவது?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லீங்க டாக்டர். ஊட்டுல பீடி சிகரெட்டுகூடக் கெடையாதுங்க. சுத்தியும் தென்னந்தோப்புங்க. காத்துப் பாத்தீங்கன்னா தேனாட்ட இருக்குங்க."

"அப்படிச் சொல்லுங்க. சுத்தமான கிராமத்துக் காத்து. நானே ரிடயர் ஆனா அந்தப் பக்கம்தான் வரலாம்னு இருக்கேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். டாக்டர் எழுதிக்கொண்டார். அண்ணி மடியில் இருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

நான் சுவரில் இருந்த நுரையீரல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

14 செப்டம்பர், சனி

ஒண்ணுமில்லீங்களாம்! ஒண்ணுமில்லீங்க!

சரி, எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்கு முன்னால் இருப்பது முற்றம் அல்ல, களம். தேங்காயை உடைத்துக் காயவைத்துப் பருப்பாக்கி எண்ணெய் மில்லுக்கு அனுப்புகிறோம். வெயில் இருந்தால் தானாகக் காயும். மேகம் மூடினால் பருப்பில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும், கறுத்தால் விலை போகாது. அதனால் பொழுது சாய்கிற நேரத்தில் பருப்பைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, அடியில் கந்தகத்தைக் கொளுத்தி விடுவார்கள். காலையில் பிரித்தால் பருப்பு பல்லைப்போல வெள்ளையாக இருக்கும். தார்ப்பாய் ஓட்டையெல்லாம் வழியாகக் கசிகிற புகை நேராக எங்கள் ஜன்னலுக்கு வரும். பொழுதோட களத்தைக் கடந்தால் பெரியவர்களுக்கே தொண்டையில் ஊசி குத்தும். நாங்கள் பழகிவிட்டோம், பழகியதில் பெருமை வேறு.

கந்தகம் போடக்கூடாது என்று உணவு அதிகாரிகள் அவ்வப்போது வருவார்கள். வீட்டில் சின்னக் குழந்தைக்குக்கூட அப்பா சொல்லிவைத்திருக்கிறார்: யார் கேட்டாலும் "இல்லீங்க, நாங்க போடறதில்லீங்க." எனக்கு ஏபிசிடிக்கு முன்னால் தெரிந்த பாடம். அந்த "இல்லீங்க" அப்பாவின் நாக்கிலேயே ஊறிவிட்டது. எதிரில் இருப்பவர் வெள்ளையாக உடுத்திக் கையில் பேனா வைத்திருந்தால் போதும், தானாக வந்துவிடும். நேற்று டாக்டரும் வெள்ளைக் கோட்டுதான் போட்டிருந்தார்.

அதிகாரிக்குச் சொல்கிற பொய்யை வைத்தியருக்குச் சொல்லிவிட்டு, வைத்தியம் கேட்கவில்லை என்று வைத்தியரையும் மருமகளையும் திட்டுகிற குடும்பம். மருந்து பாவம், அதுவும் என்னதான் செய்யும்? ஆஸ்பத்திரியில் இறக்கி வைக்கிற மூச்சுக்குழாய் வீக்கத்தை வீட்டுக்குப் போனதும் இவர்கள் ஏற்றி வைக்கிறார்கள். பிறகு டோஸ் ஏறுகிறது, கன்னம் ஏறுகிறது, பெரியம்மா சந்தோஷப்படுகிறாள்.

இத்தனை நாள் வைத்தியம் பார்க்கிறார்களே, இதைச் சொல்லாமலா இருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். படித்தவளின் லட்சணம்.

நேற்று ஏன் வாயைத் திறக்கவில்லை? தெரியவில்லை. பேச வேண்டும் என்று நினைக்கும்போதே காது சூடாகிவிடுகிறது. நுரையீரல் படம் பார்த்தேனாம். அதில் அப்படி என்ன இருந்தது?

22 செப்டம்பர், ஞாயிறு

ஊருக்கு வந்தேன். ரித்திகா வீட்டுக்கு வந்து சில நாள் ஆகிறது. காலையில் நன்றாக இருந்தாள், பொழுதோட இருமல். அண்ணி துண்டுகளை ஈரமாக்கி ஜன்னல் இடுக்குகளில் திணித்துக்கொண்டிருந்தாள். வேகமாக, பழக்கப்பட்ட கையோடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ஏனுங்க பொற்கொடி, நானென்ன மூக்கில்லாதவளா?" துண்டைத் திணிப்பதை நிறுத்தவில்லை. "பொகை போடற அன்னைக்கெல்லாம் இவளுக்கு எளைப்பு ஏறுது. பொகை போடாத அன்னைக்கு ரெண்டு இட்லி எச்சாத் திங்கறா. இதுக்கு டாக்டருக்குப் படிக்கோணுமா?"

"அப்பறம் ஏன் டாக்டர்கிட்டச் சொல்லலீங்க?"

"மாமா பக்கத்துல உக்காந்துட்டு இல்லீங்கறாரு. நான் ஆமாங்கன்னா, அன்னைக்கே எங்கப்பனுக்குப் போனைப் போட்டு உம்புள்ளைய வந்து கூட்டிட்டுப் போன்னு சொல்லிருவாங்க. என்னைய மட்டும் அனுப்புவாங்க, இவளை அனுப்ப மாட்டாங்க." திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க இந்த ஊட்டுப் புள்ள. நீங்க ஏன் சொல்லலீங்க?"

நான் ஒரு துண்டை எடுத்து நனைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் முடிந்தது.

6 அக்டோபர், ஞாயிறு

அண்ணனிடம் போனில் சொல்லிப் பார்த்தேன். போனில் என்றால் எனக்குக் கொஞ்சம் குரல் வரும்.

"கந்தகம் போடாம பருப்பைக் கறுக்க உட்டா எவன் வாங்குவான்? நீ வாங்குவியா? ஏசில உக்காந்துட்டுப் பேசறது சுலுவு அம்மணி."

ரித்திகாவுக்கு அதனால்தான் வருகிறது என்றேன்.

"நீயும் நானும் இதே களத்துலதான வளந்தோம்? நமக்கென்ன வந்துது? அவளுக்கு அவங்கம்மா ஊட்டு வாகு. அவளோட சித்திக்கு எளைப்பு இருந்துது, உனக்குத் தெரியாது."

எவ்வளவு வசதி. பருப்பு நம் குலத்துச் சொத்து, மூச்சுத் திணறல் மட்டும் பெண் வீட்டுச் சீதனம்.

31 அக்டோபர், தீபாவளி

ரித்திகாவுக்கு நேற்றே ஏறிவிட்டது. ஊரில் ஒரு வெடி வெடிப்பதற்கு முன்பு. காங்கயத்தில் நெபுலைசர் வைத்து, ஊசி போட்டுக் கூட்டி வந்தார்கள். இன்று காலை எல்லோரும் ஒரே குரலில்: "பட்டாசுப் பொகைதான் ஆவல."

மழை மேகம் என்பதால் இந்த வாரம் முழுக்கத் தார்ப்பாய் மூடியே இருந்தது. பட்டாசு பாவம், வருஷத்துக்கு ஒரு நாள் வருகிறது. எல்லாப் பழியையும் சுமந்துகொண்டு போகிறது.

அப்பா அவளை மடியில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "சாமி, சித்த இரு, சரியாப்போயிரும்" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அழுகிறார். நிஜமாகவே அழுகிறார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மிகவும் கோபம் வந்தது.

6 நவம்பர், புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்பா, அண்ணன், அண்ணி, ரித்திகா எல்லோரும் வந்திருந்தார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, "நாம எல்லாம் பாத்தாச்சு. மருந்து ஒழுங்காப் போகுது. வீட்லயும் ஒண்ணும் இல்லைங்கறீங்க. அப்ப இது மருந்துக்கு அடங்காத வகைன்னுதான் எடுத்துக்கணும். இனி மாசாமாசம் ஊசி. விலை ஜாஸ்தி. பலன் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது" என்றார்.

"போட்டுருங்க டாக்டர்," என்றார் அப்பா உடனே. "தோப்பை வித்தாவது போடறனுங்க."

தோப்பை விற்பார். ஒரு தார்ப்பாயை மடித்து வைக்க மாட்டார்.

அதுதான் என்னைப் பேசவைத்தது என்று நினைக்கிறேன். தைரியம் அல்ல, அருவருப்பு.

"கந்தகம்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். சாஜிதா மட்டும் திரும்பி, "என்னம்மா சொன்னீங்க?" என்றார்.

"களத்துல கந்தகம் எரிக்கறாங்க. தேங்காய்ப் பருப்புக்கு. ஜன்னலுக்கு நேரா. மழைக்காலத்துல தெனமும்."

பேனா நின்றது. அண்ணன் "பொற்கொடி!" என்றான், பல்லைக் கடித்து. டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மேஜையைப் பார்த்தார்.

"ஊரே போடுதுங்க," என்றார் அப்பா கடைசியில். "எல்லாப் புள்ளைக்குமா மூச்சு வாங்குது?"

"எல்லாருக்கும் வாங்காதுங்க. ஆனா ஆஸ்துமா இருக்கிற குழந்தைக்கு அந்தப் புகை விஷம்." பிறகு டாக்டர் திரும்பினார். யார் பக்கம்? பொய் சொன்னவர் பக்கமா? இல்லை. "ஏம்மா, நீங்க அம்மாதானே? இதை முதல்லயே சொல்ல வேண்டாமா?" என்று அண்ணியைக் கேட்டார்.

அண்ணி தலைகுனிந்து, "தப்புதானுங்க" என்றாள்.

எல்லா வழியும் கடைசியில் இவளிடம்தான் வந்து முடிகிறது.

ஊசி இப்போது வேண்டாமாம். மூன்று மாதம் குழந்தை அந்தப் புகை இல்லாத இடத்தில் இருக்கட்டும், அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றார். புகை போனாலும் முழுக்கச் சரியாகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றும் சொன்னார். சில குழந்தைகளுக்கு மூச்சுக்குழாயில் வருகிற வீக்கமே வேறு மாதிரியாம், ஸ்டீராய்டுக்கு வணங்காதாம்.

என்னைக் காரிலிருந்து காந்திபுரத்தில் இறக்கிவிட்டார்கள். அப்பா கண்ணாடியைக்கூட இறக்கவில்லை.

7 நவம்பர், வியாழன்

அப்பா பேசவில்லை. நல்லது. நானும் பேசுகிறவள் இல்லை.

10 நவம்பர், ஞாயிறு

ஊரில் பஞ்சாயத்து. குழந்தையை எங்கே வைப்பது? கோயமுத்தூரில் நான் வைத்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் போனிலேயே சொல்லியிருந்தேன். நான் எதிரில் உட்கார்ந்திருக்க, அப்பா தூணைப் பார்த்துப் பேசினார்.

"ஏப்பா கிருபா, உன்ற தங்கச்சிகிட்டச் சொல்லு. கல்யாணம் ஆவாத புள்ள, ரூமெடுத்துக் கொழந்தைய வெச்சுட்டிருந்தா பாக்க வாரவன் என்ன நெனைப்பான்? யாரு கொழந்தைன்னு கேக்க மாட்டானா?"

"சொல்றனுங்கப்பா," என்றான் அண்ணன், எனக்குச் செவிடு என்பதுபோல.

அப்போது அண்ணி சமையலறை வாசலில் இருந்து, "நானும் கூடப் போறனுங்க மாமா. அப்ப யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

இந்த வீட்டில் அவள் கேட்காமல் பேசி நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்க மாட்டாள். அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தான். குழந்தையைப் பற்றி, மனைவியைப் பிரிவது பற்றி ஏதாவது சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன்.

"அப்ப சோறு?" என்றான்.

24 நவம்பர், ஞாயிறு

ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு, சரவணம்பட்டியிலேயே மாடியில் ஒரு சின்ன வீடு பிடித்தேன். மூன்று பேர். கீழே லாரி பட்டறை, எதிரில் கட்டிக்கொண்டிருக்கிற அபார்ட்மென்ட். சத்தி ரோட்டுத் தூசியில் காலையில் துடைத்த ஜன்னல் கம்பி மத்தியானம் செம்மண் நிறமாகிறது.

இங்கே ரித்திகா தேறுகிறாள். இருமல் குறைந்துவிட்டது. நேற்றுப் படுத்துத் தூங்கினாள், தலையணையை உயர்த்தாமல். சுத்தமான கிராமத்துக் காற்றை விட்டுவிட்டு லாரிப் புகைக்கு வந்து குழந்தைக்கு மூச்சு வருகிறது. டாக்டர் ரிடயர் ஆனதும் எங்கள் ஊரில் இடம் பார்த்துத் தரலாம்.

15 டிசம்பர், ஞாயிறு

மாத்திரையைக் குறைத்துவிட்டார்கள். கன்னம் வற்றுகிறது. வீடியோ காலில் பெரியம்மா: "ஐயோ, புள்ள எளைச்சே போச்சே! அங்க சோறு போடறீங்களா இல்லீங்களா?"

ரித்திகா போனை வாங்கி, "பெரிய ஆத்தா, நான் மாடிப்படி ஓடியே ஏறுவேனே" என்றாள்.

"பொட்டப்புள்ள ஏன் கண்ணு ஓடோணும்?"

போனை வைத்துவிட்டோம். அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். வெகுநேரம்.

5 ஜனவரி 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பனிக்கு மறுபடி ஏறியது. அட்மிட் பண்ணும் அளவுக்கு இல்லை. ஆனால் ஏறியது. புகை இல்லாமலும் ஏறுகிறது.

நேற்று டாக்டர் உண்மையைச் சொன்னார்: "பாதி வீடு. மீதி இவ உடம்பு. அந்த மீதிக்கு ஊசி தேவைப்படலாம். ஆனா வீட்டைச் சரி பண்ணாம ஊசி போட்டிருந்தா, அதுவும் கேக்கலைன்னு அதையும் நிறுத்தியிருப்போம்." இதைச் சொன்னபோது அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஐந்து நிமிஷம்தான். பயிற்சி டாக்டர்கள் கூட்டமாக உள்ளே வந்தார்கள். ரித்திகாவின் தோளில் கைவைத்து, "வீட்டுச் சூழ்நிலையைத் துருவித் துருவிக் கேக்கணும்னு நான் சொல்றது இதுக்குத்தான். இந்தக் கேஸ்ல கேட்டுக் கேட்டுக் கந்தகத்தைக் கண்டுபிடிச்சோம்" என்று பாடம் எடுத்தார்.

சாஜிதா என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினார். நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை.

16 ஜனவரி, வியாழன்

பொங்கலுக்கு நாங்கள் ஊருக்குப் போகவில்லை. அப்பாவே வந்தார், கரும்பும் இளநீருமாக. ரித்திகா கீழே ஓடி, கரும்பைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடி வந்து, "அப்பாரு தோத்துட்டாரு!" என்று தாத்தாவைக் காட்டிக் கத்தினாள். அப்பா படியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.

சாப்பிட்டு முடித்ததும், நேராக என்னைப் பார்த்து, நவம்பருக்குப் பிறகு முதல் தடவையாக, "ஊட்டுப் பக்கம் இனிப் பொகை இல்ல கண்ணு. மாத்திப்போட்டோம்" என்றார்.

ஓர் இளநீரை வெட்டி அவர் கையில் கொடுத்தேன். எங்கே மாற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

டாக்டர் சரி என்றதால் ரித்திகாவை ஊருக்குக் கூட்டி வந்தோம். வெள்ளி பொழுதோட ஜன்னலைத் திறந்து வைத்தே இருந்தோம். ஒன்றும் இல்லை. அண்ணி துண்டுகளை மடித்துப் பரண்மேல் போட்டாள்.

நேற்று மாலை அண்ணன் பெருமையாகக் கூட்டிப் போய்க் காட்டினான். தோப்பைத் தாண்டி, கிழக்குக் கடைசியில் புதிதாகத் தளம் போட்டிருக்கிறார்கள். தார்ப்பாய் அங்கே புகைந்துகொண்டிருந்தது. "காத்து மேக்க இருந்து அடிக்குது பாத்தியா? ஒரு பொட்டுப் பொகை ஊட்டுக்கு வராது. ரோசனை எப்படி?"

மேற்கிலிருந்து அடிக்கிற காற்று எங்கே போகிறது என்று பார்த்தேன். தளத்துக்கு அடுத்தாற்போல் தகரக் கூரை போட்ட லைன் வீடுகள். நம் களத்தில் தேங்காய் உடைக்கிற, பருப்பு தோண்டுகிற பெண்கள் குடும்பத்தோடு அங்கேதான் இருக்கிறார்கள். வாசலில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையைத் தூக்கி முந்தானையால் அதன் மூக்கை மூடிக்கொண்டு, எங்களைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள்.

"நல்ல ரோசனைங்கண்ணா," என்றேன்.

சொன்னேன். இந்த வாயால்தான்.

16 மார்ச், ஞாயிறு

அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன். தோசை ஊற்றிக்கொண்டே, "உடுங்க பொற்கொடி. நம்ம புள்ள தூங்குது" என்றாள்.

ஈரத்துண்டு திணித்த அதே கை. அவளைச் சொல்லி என்ன? நானும் ஐந்து வாரமாக இதையேதான் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் நல்ல தமிழில். அப்பா இப்போதுதான் பேசுகிறார். கோபம் வந்தால் தளம் பழைய இடத்துக்கே வந்துவிடும். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மேலே கேட்டால் கிடைத்ததும் போகும். தவிர, அந்தக் குழந்தைகளில் யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா? யாரும் சொல்லவில்லையே.

யாரும் சொல்லவில்லையாம். யாரிடம் சொல்வார்கள்? "ஏதாவது புகை, தூசி?" என்று நாங்கள் போய்க் கேட்டால் அவர்களும் பணிவாக ஒண்ணுமில்லீங்க என்பார்கள். வேலை போய்விடும் அல்லவா.

அப்பாவைப் பற்றி இத்தனை பக்கம் ஏளனமாக எழுதியிருக்கிறேன். இந்த ஐந்து வாரத்தில் எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? நான் கம்ப்யூட்டர் பார்க்கிறேன்.

14 ஏப்ரல், சித்திரை முதல் நாள்

ஊரில் இருக்கிறேன். ரித்திகா காலையிலிருந்து சைக்கிளை விட்டு இறங்கவில்லை. போன வருஷத்துக் கவுன் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. மாத்திரை நிறுத்தியாகிவிட்டது, பஃப் மட்டும். அடுத்த மழைக்காலம் பார்த்துவிட்டு ஊசி பற்றி முடிவு செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஈரோட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா, "எம் பொண்ணு இங்கிலீசு ஆஸ்பத்திரிக் கணக்கெல்லாம் பாக்கறவங்க. எம் பேத்தி இன்னைக்கு மூச்சு உடறான்னா இவளாலதானுங்க" என்றார். அவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் காபித் தட்டோடு நின்றேன். காது சூடாகவில்லை. வேறெங்கோ சூடாக இருந்தது.

அவர்கள் போன பிறகும் அப்பா நல்ல மனநிலையில் இருந்தார். இனி இப்படி எப்போது இருப்பார் என்று தெரியவில்லை. வடக்கே மின்னல் இருந்தது. கோடை மழை வரும்போல, களத்துப் பருப்பைக் கிழக்கே கொண்டு போகச் சொல்லி ஆட்களிடம் குரல் கொடுத்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். சொம்பை வாங்கிக்கொண்டு நான் போகவில்லை.

"என்ன கண்ணு? மாப்பிள்ளை புடிக்கலியா? சொல்லு, அப்பா வேண்டாமுன்னு சொல்லிப்போடறேன்."

"அதில்லீங்கப்பா."

"பொறவு?"

"அங்க லைன் ஊட்லயும் கொழந்தைங்க இருக்குதுங்கப்பா. அங்கயும் பொகை வேண்டாமுங்க. பருப்பு கறுத்தாக் கறுத்துட்டுப் போவட்டுமுங்க."